68-க்கும் 70-க்கும் நடுவே: மெட்ரிக் மதிப்பெண், கல்லூரி இடம் – வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (கிரேடு 12 பள்ளியிறுதித் தேர்வு) முடிவு வருவது ஜனவரி நடுவில்தான் என்றாலும், கல்லூரிச் சேர்க்கை பற்றிய கடிதங்கள் ஜூன் மாதத் தேர்வு முடிந்ததுமே வரத் தொடங்கிவிடுகின்றன. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்ததால் சில கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

மகளுக்கு ‘பேச்சலர் பாஸ்’ கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். ஆனால் விண்ணப்பித்த எந்த இடத்திலும் இடம் தரவில்லை. பாஸ் கொடுத்துவிட்டு இடம் இல்லை என்றால் என்ன நியாயம்?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பேச்சலர் பாஸ் என்பது பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. அதில் இடம் அடங்காது. லைஃப் ஓரியன்டேஷனை (எல்.ஓ. எனும் வாழ்க்கைத்திறன் பாடம்) தள்ளிவிட்டு மற்றப் பாடங்களில் நான்கில் தலா 50 சதவீதம் எடுத்தால் அந்தத் தகுதி வந்துவிடும். வீட்டுமொழிப் பாடத்தில் 40 வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான தேர்ச்சி விதி. நான்கு பாடத்தில் 40 எடுத்தால் டிப்ளமா பாஸ். அதற்கும் கீழே ஹையர் சர்டிஃபிகேட் பாஸ்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளை நான்கு பாடத்தில் சரியாக 50, மற்ற இரண்டில் 30 வாங்கினால் பேச்சலர் பாஸ்தான். அந்த மதிப்பெண்களுக்கு ஏ.பி.எஸ். புள்ளி (பாட மதிப்பெண்களைப் படிகளாக மாற்றிக் கூட்டும் சேர்க்கைப் புள்ளி) போட்டால், 50-க்கு 4, 30-க்கு 2 என்ற கணக்கில் நான்கு நாலு 16, இரண்டு இரண்டு 4, மொத்தம் 20. பட்டப்படிப்புகள் கேட்பதோ பெரும்பாலும் 28, 30, அதற்கும் மேல். தகுதிக் கோட்டுக்கும் உண்மையான வாசலுக்கும் இவ்வளவு தூரம்.

2024 மெட்ரிக்கில் தேர்ச்சி 87.3 சதவீதம். பேச்சலர் பாஸ் மட்டும் 337,000-க்கும் மேல், அதாவது தேர்வு எழுதியவர்களில் 47.8 சதவீதம். நாட்டில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் 26. அவற்றின் முதலாண்டு இடங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இத்தனை பேருக்குப் போதாது. ஆகவே குறைந்தபட்சம் கேட்ட புள்ளி இருந்தும் இடம் கிடைக்காமல் போவது நடக்கக் கூடியதுதான். குறைந்தபட்சத்தைத் தாண்டியவர்களை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தி, இடம் தீரும் வரை எடுப்பார்கள்.

உங்கள் மகளின் மதிப்பெண்களை நீங்கள் எழுதவில்லை, அம்மா. எல்லா விருப்பங்களையும் பட்டப்படிப்பாகவே போட்டிருந்தால் அடுத்த முறை ஒன்றிரண்டு டிப்ளமாவையும் சேர்க்கச் சொல்லுங்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நம் வீட்டுப் பாட்டிகள் இன்னும் ‘எம்.எல். சுல்தான்’ என்றே சொல்லும் அதே இடத்தில், டிப்ளமாக்கள் நிறைய உண்டு. மூன்று வருட டிப்ளமா முடித்து அங்கிருந்து மேலே போகலாம். அதைத் தோல்வி என்று வீட்டில் பேசாதீர்கள்.

ஒரே மார்க் ஷீட். மகன் ஒரு பல்கலைக்கு 37 புள்ளி என்கிறான், இன்னொன்றுக்கு 44 என்கிறான், மூன்றாவதுக்குப் புள்ளியே இல்லை, சதவீதம்தான் என்கிறான். எதை நம்புவது?
– ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்

மூன்றுமே சரி. ஏ.பி.எஸ். போடுவதற்கு நாடு முழுக்க ஒரே சூத்திரம் கிடையாது. மதிப்பெண்ணை 7 படிகளாகப் பிரிப்பது மட்டும்தான் பொது: 80-க்கு மேல் 7, 70-கள் 6, 60-கள் 5, 50-கள் 4, 40-கள் 3, 30-கள் 2, அதற்குக் கீழ் 1. இந்தப் படியை எப்படிக் கூட்டுவது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மதிப்பெண்களையே எடுத்துக்கொள்வோம்: ஆங்கிலம் வீட்டுமொழி 74, ஆஃப்ரிகான்ஸ் 82, கணிதம் 68, ஃபிசிக்கல் சயன்ஸ் 61, லைஃப் சயன்ஸ் 79, தமிழ் 91, எல்.ஓ. 88.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் எல்.ஓ.வைக் கூட்டலில் சேர்ப்பதில்லை. ஆனால் 90-க்கு மேல் எடுத்த பாடத்துக்கு 8 தருகிறது. 6, 7, 5, 5, 6, 8. மொத்தம் 37.

பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் எல்.ஓ.வைச் சேர்க்காது, 8 என்ற படியும் இல்லை. தமிழ் 7 ஆகிவிடும். மொத்தம் 36.

விட்ஸில், அதாவது ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில், 90-க்கு 8 உண்டு. அதோடு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 60-க்கு மேல் எடுத்தவருக்குத் தலா 2 புள்ளி கூடுதல். எல்.ஓ.வுக்கும் குறைந்த அளவில் புள்ளி உண்டு, 80-கள் என்றால் 3. ஆங்கிலம் 8, கணிதம் 7, ஆஃப்ரிகான்ஸ் 7, ஃபிசிக்கல் சயன்ஸ் 5, லைஃப் சயன்ஸ் 6, தமிழ் 8, எல்.ஓ. 3. மொத்தம் 44.

கேப் டவுன் பல்கலைக்கழகம் படியே வைப்பதில்லை. எல்.ஓ. தவிர்த்த ஆறு பாடச் சதவீதங்களையும் அப்படியே கூட்டும்: 600-க்கு 455. அறிவியல் பட்டம் என்றால் கணிதத்தையும் ஃபிசிக்கல் சயன்ஸையும் இரட்டிப்பாக்கி 800-க்குக் கணக்கிடும். உங்கள் மகனுக்கு அது 584. சாதாரணக் கூட்டலில் 76 சதவீதத்தை ஒட்டி நின்ற பிள்ளை, இரட்டிப்புக் கூட்டலில் 73-க்கு இறங்கிவிடுகிறான். அவனுடைய பலம் மொழிகளில் இருக்கிறது, இந்த இரண்டு பாடங்களில் இல்லை என்பதை இந்த இறக்கமே சொல்லிவிடும்.

ஆகவே ஒரு பல்கலையின் 44-ஐ இன்னொன்றின் 37-ஓடு ஒப்பிட்டு ‘விட்ஸில் எளிது’ என்று முடிவு கட்டக் கூடாது. அவர்கள் கேட்கும் புள்ளியும் அதே விகிதத்தில் உயர்ந்திருக்கும்.

இதைவிட முக்கியமான விஷயம் கணிதத்தில் இருக்கும் அந்த 68. படிக் கணக்கில் 60-ம் 69-ம் ஒன்றுதான், 69-ம் 70-ம் ஒன்றல்ல. குவாசூலு-நட்டாலில் எஞ்சினியரிங்குக்குக் கணிதமும் ஃபிசிக்கல் சயன்ஸும் 6-ஆம் படியில் இருக்க வேண்டும். மொத்தம் 37 வைத்திருந்தாலும் இந்த இரண்டில் 5 என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மொத்தப் புள்ளியைப் பார்த்துப் பெருமைப்படும் பெற்றோர் மிகுதியாகத் தவறவிடுவது இதைத்தான்: முதலில் பாடவாரிப் படி, அதைத் தாண்டினால்தான் மொத்தம். மகனிடம் இன்னும் சில மாதங்கள் இருந்தால், 91-ஐ 94 ஆக்கும் உழைப்பைக் கணிதத்தின் அந்த 2 மதிப்பெண்ணுக்கும் ஃபிசிக்கல் சயன்ஸின் 9 மதிப்பெண்ணுக்கும் திருப்பச் சொல்லுங்கள்.

எல்.ஓ.வைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டலில் வராது என்று பிள்ளைகள் அதை அலட்சியம் செய்கிறார்கள். குவாசூலு-நட்டாலில் பட்டப்படிப்புக்கு எல்.ஓ. 4-ஆம் படியில், அதாவது 50-க்குக் குறையாமல், இருக்க வேண்டும்.

கிரேடு 11-இல் அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் என் மதிப்பெண் விழுந்துவிட்டது. கிரேடு 12-இல் நன்றாகச் செய்தால் அது அழிந்துவிடுமா?
– ஒரு மாணவி, வெருலம்

மெட்ரிக் சான்றிதழில் கிரேடு 11 மதிப்பெண் ஒரு துளிகூடச் சேராது, தங்கையே. ஆனால் விண்ணப்பம் போகும் நேரத்தில் உன் கையில் இருப்பது அதுதான். விண்ணப்பங்கள் செப்டம்பர் இறுதிக்குள் போய்ச் சேர வேண்டும், மெட்ரிக் முடிவு வருவதோ ஜனவரியில். இடைப்பட்ட காலத்தில் கல்லூரிகள் கிரேடு 11 ஆண்டிறுதி மதிப்பெண்ணையும், சில இடங்களில் கிரேடு 12 ஜூன் அல்லது செப்டம்பர் ட்ரையல்ஸ் (இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு) மதிப்பெண்ணையும் வைத்துத் தற்காலிக இடம் தருகின்றன. இறுதி முடிவு ஜனவரியில்.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. கிரேடு 11 நன்றாக இருந்து தற்காலிக இடம் வாங்கியவர்கள் ட்ரையல்ஸுக்குப் பிறகு தளர்ந்துவிட்டு, ஜனவரியில் பாடவாரிப் படி ஒன்று குறைந்ததால் இடத்தை இழப்பதுண்டு. தற்காலிகக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் நிபந்தனை இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. மறுபக்கம், கிரேடு 11 மோசமாக இருப்பவர் தற்காலிக இடம் வராததைப் பார்த்து விண்ணப்பத்தையே மறந்துவிடுகிறார். அதுதான் பெரிய தவறு. விண்ணப்ப எண் உயிரோடு இருந்தால் ஜனவரியில் உன் இறுதி மதிப்பெண் நேராக அந்தக் கோப்பில் போய் உட்காரும், மீதமிருக்கும் இடங்களுக்கான வரிசையில் நீயும் இருப்பாய். விண்ணப்பமே இல்லை என்றால் 90 எடுத்தும் கதவருகே போக முடியாது. நேரில் வருபவர்களைப் பல்கலைகள் எடுப்பதில்லை.

ஆகவே கிரேடு 11 மதிப்பெண் எப்படி இருந்தாலும் சி.ஏ.ஓ. (மத்திய விண்ணப்ப அலுவலகம்) விண்ணப்பத்தை நேரத்தோடு போடு. குவாசூலு-நட்டால் மாநிலத்தின் நான்கு அரசுப் பல்கலைகளுக்கும் அது ஒரே வாசல்: குவாசூலு-நட்டால், டர்பன் தொழில்நுட்பம், மங்கோசுத்து, சூலுலாந்து. நேரத்துக்குப் போட்டால் 250 ராண்ட், தாமதமானால் 470 ராண்ட் என்றே இதுவரை வாங்கி வந்திருக்கிறார்கள். பணத்தைவிட, தாமதமாகப் போட்டவருக்குத் திறந்திருக்கும் படிப்புகள் குறைவு என்பதுதான் உண்மையான தண்டனை. கேப் டவுனும் ஸ்டெல்லன்பாஷும் வழக்கமாக ஜூலை 31-லேயே மூடிவிடும். நாட்காட்டியில் குறித்துக்கொள்.

பள்ளியில் வருடம் முழுவதும் தரும் டெஸ்ட், அசைன்மென்ட் மதிப்பெண்கள் எவ்வளவு சேரும்? ‘எல்லாம் நவம்பர்தான்’ என்கிறான் பையன்.
– ரிசர்வாயர் ஹில்ஸ்

பெரும்பாலான பாடங்களில் பள்ளி மதிப்பீடு 25, இறுதித் தேர்வு 75. ஆங்கிலம் போன்ற வீட்டுமொழிப் பாடத்தில் மொத்தம் 400: பள்ளி மதிப்பீடு 100, வாய்மொழி 50, மூன்று தாள்களும் சேர்ந்து 250. செய்முறைப் பணி உள்ள பாடங்களில் பள்ளி 25, செய்முறை 25, தேர்வு 50. எல்.ஓ. முழுக்கவே பள்ளி மதிப்பீடு.

நவம்பர்தான் எல்லாம் என்பவனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணிதத்தில் 70 வேண்டும். பள்ளி மதிப்பீட்டில் 76 வைத்திருக்கும் பிள்ளைக்கு இறுதித் தேர்வில் 68 போதும். 56 வைத்திருக்கும் பிள்ளைக்கு 75-ஐ ஒட்டி வேண்டும். இரண்டு தாளும் சேர்ந்து 300 மதிப்பெண் என்பதால், முன்னவருக்கு 204, பின்னவருக்கு 224. அந்த 20 மதிப்பெண் எவ்வளவு என்றால், முதல் தாளில் நிகழ்தகவுக்கு மொத்தமே 15-தான்.

இங்கே பள்ளி தாராளமாக அள்ளிப் போட்டாலும் பயனில்லை. ஒரு பள்ளியின் உள்மதிப்பீடு, அதே பிள்ளைகளின் இறுதித் தேர்வு சராசரியைவிட மிக உயரத்தில் இருந்தால் அதைக் கீழே இழுத்துச் சரிசெய்வார்கள். 90 வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தவர் ஜனவரியில் மதிப்பெண் ஒட்டவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

இன்னொரு ஓட்டை: எழுதாத டெஸ்ட். மருத்துவச் சான்று பள்ளிக்குப் போகாவிட்டால் அது பூஜ்யமாகக் கோப்பில் ஏறிவிடும். காய்ச்சல் என்று வீட்டில் இருந்த நாளின் சீட்டை அந்த வாரமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மூன்றாம் பருவ முடிவில் ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைக் காட்டிப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவார். அதைப் பார்க்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மகள் கிரேடு 10. கணிதத்தில் 45. மேத்ஸ் லிட்டுக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள மேத்தமெட்டிகல் லிட்டரசி பாடம்) மாறினால் 85 வரும், ஏ.பி.எஸ். ஏறும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– ஃபீனிக்ஸ், ஐல்பிங்கோ வாசகர்கள் இருவர்

ஏ.பி.எஸ். ஏறும். கதவுகள் மூடும். எஞ்சினியரிங், மருத்துவம், ஃபார்மசி, கம்ப்யூட்டர் சயன்ஸ், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆவதற்கான பி.காம். எல்லாம் மேத்ஸ் லிட்டில் 100 எடுத்தாலும் திறக்காது. சட்டம், கலைப் பாடங்கள், சமூகப்பணி, சில ஆசிரியர் பயிற்சிப் படிப்புகள் ஆகியவற்றுக்கு மேத்ஸ் லிட் பல இடங்களில் செல்லும்.

அதனால் முதலில் மகளிடம் எந்தத் துறை என்று கேளுங்கள். எண்களோடு சம்பந்தமில்லாத துறை என்று தெளிவாக இருந்தால் மாறுவதில் குற்றமில்லை. 45-ஓடு மூன்று வருடம் மல்லுக்கட்டி மற்றப் பாடங்களையும் கெடுப்பதைவிட அது நல்லது. ‘இன்னும் தெரியவில்லை’ என்றால் கிரேடு 10 முடியும் வரையாவது கணிதத்தில் வைத்திருங்கள். கணிதத்திலிருந்து லிட்டுக்கு இறங்குவது எளிது. லிட்டிலிருந்து கணிதத்துக்கு ஏறுவது நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம், விடுபட்ட பாடத்தை யாரும் திரும்ப நடத்தித் தர மாட்டார்கள்.

45 எதனால் என்றும் பாருங்கள். விடைத்தாளை எடுத்து, தெரியாமல் விட்டதையும் தெரிந்து தவறியதையும் இரண்டு நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இயற்கணிதச் சுருக்கல், குறி மாற்றம், பின்னம் ஆகிய கிரேடு 9 பிழைகளே பாதிக்கு மேல் இருந்தால் அது நான்கு மாதத்தில் சீராகிற விஷயம். பள்ளிக்கு மாற்றச் சொல்வதில் ஒரு சுயநலமும் உண்டு: தேர்ச்சி விகிதம். அதைச் சொன்னால் தலைமையாசிரியர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெட்ரிக்கில் தமிழ் எடுத்தால் பல்கலையில் எண்ணுவார்களா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ் செல்லுமா?
– மெர்பேங்க்

மெட்ரிக் பாடமாக எழுதினால் எண்ணுவார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்துமே மெட்ரிக் பாடப் பட்டியலில் உண்டு. விருப்பப்பாடமாக எடுக்கும் தமிழ் மற்றப் பாடங்களைப் போல 20 கிரெடிட் உடையது, பேச்சலர் பாஸுக்கான நான்கில் ஒன்றாகவும் நிற்கும். ஆனால் கட்டாயமான இரண்டு ஆட்சிமொழிகளின் இடத்தைத் தமிழ் எடுக்க முடியாது. ஆங்கிலமும், ஆஃப்ரிகான்ஸ் அல்லது இசிசூலுவும் (சூலு மொழி) இருந்தாக வேண்டும். தமிழ் மூன்றாவது மொழி.

சனிக்கிழமைப் பள்ளியின் சான்றிதழ் சேர்க்கைக் கணக்கில் வராது. அங்கே படித்ததை மெட்ரிக் தேர்வாக எழுத வேண்டுமானால் உங்கள் பிள்ளையின் பள்ளி அதைப் பாடமாகப் பதிவுசெய்ய வேண்டும். இதைக் கிரேடு 10 தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். கிரேடு 12-இல் பாடம் மாற்றுவது ஜனவரி இறுதிக்குள், அதுவும் ஒரே ஒரு பாடம், அதுவும் மாவட்ட அலுவலக ஒப்புதலோடு.

எதற்குப் பதில் தமிழை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். மருத்துவமோ எஞ்சினியரிங்கோ நினைப்பவர் கணிதம், ஃபிசிக்கல் சயன்ஸ், லைஃப் சயன்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு நான்காவதாகத் தமிழை எடுத்தால் எந்த இழப்பும் இல்லை. ஒரு காலத்தில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலையில் இந்திய மொழிகளைப் பட்டப்படிப்பு வரை படிக்க முடிந்தது. 2004-இல் அது நட்டால் பல்கலையோடு இணைந்துவிட்டது. குவாசூலு-நட்டாலில் 2014 முதல் புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்கள் இசிசூலு ஒரு தாளாவது படித்தாக வேண்டும். இரண்டாம் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

ஏழு ஏ எடுக்கும் பிள்ளை. மருத்துவம் ஒன்றுதான் கனவு. எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம், என்னவெல்லாம் தடுக்கும்?
– டொங்காட்

முதல் தடை தேதி. மற்றப் படிப்புகள் செப்டம்பர் வரை திறந்திருக்க, குவாசூலு-நட்டாலில் மருத்துவத்துக்கு வழக்கமாக ஜூன் இறுதியிலேயே மூடிவிடுவார்கள். விட்ஸிலும் அப்படியே. ட்ரையல்ஸ் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த ஏழு ஏ பிள்ளைகள் பலர் இங்கேயே வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது, என்.பி.டி. எனப்படும் தேசிய அளவுகோல் தேர்வு. கேப் டவுன், விட்ஸ் மருத்துவத்துக்கு அது கட்டாயம். கேப் டவுனில் ஆறு பாடத்தின் 600-ஓடு என்.பி.டி.யின் 300-ஐச் சேர்த்து 900-க்குக் கணக்கிடுகிறார்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒன்று மொழியும் எண்ணறிவும், இன்னொன்று கணிதம், தலா மூன்று மணி நேரம். பழைய வினாத்தாள் வெளியிட மாட்டார்கள், கால்குலேட்டர் அனுமதியில்லை. கால்குலேட்டரிலேயே வளர்ந்த பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள். சதவீதம், விகிதம், பின்னம், மூலம், சைன்-காஸ் மதிப்புகள் எல்லாம் மனக்கணக்காக வர வேண்டும். மே மாதத்திலிருந்து வாரம் இரண்டு மாலை கால்குலேட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இட ஒதுக்கீடு. குவாசூலு-நட்டால் மருத்துவத்தில் இனவாரியாக இடங்கள் பிரிக்கப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் வெளியான கணக்கில் இந்தியருக்கு 19 சதவீதம். நம் பிள்ளைகள் போட்டியிடுவது பெரும்பாலும் அந்த 19-க்குள்தான். அதனால்தான் ஏழு ஏ இருந்தும் இடமில்லை என்ற கதை ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிறது. ‘ஏ’ என்பது 80-ம் ஆகலாம், 97-ம் ஆகலாம். வரிசையில் பார்ப்பது சராசரியை. 82 சராசரியில் ஏழு ஏ வாங்கியவருக்கும் 93 சராசரியில் ஆறு ஏ, ஒரு பி வாங்கியவருக்கும் எவ்வளவு தூரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரே மாநிலத்தில் நிற்காமல் விட்ஸ், கேப் டவுன், ஸ்டெல்லன்பாஷ், பிரிட்டோரியா எல்லாவற்றுக்கும் போடச் சொல்லுங்கள். அதோடு, மருத்துவம் கிடைக்காவிட்டாலும் மனதாரப் படிக்கக் கூடிய ஒன்றை அடுத்த விருப்பமாக வைக்கட்டும்: ஃபார்மசி, ஃபிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, மருத்துவ அறிவியல்.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் மருத்துவம் படிக்க ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டைதாரரும் வெளிநாட்டவரும் நீட் எழுதியே ஆக வேண்டும், மெட்ரிக் மதிப்பெண் மட்டும் போதாது. எந்த நாட்டில் படித்து வந்தாலும் இங்கே தொழில் செய்ய எச்.பி.சி.எஸ்.ஏ. எனும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் தேர்வை எழுதித் தேற வேண்டும். ‘தேர்வே வேண்டாம், நேரே சீட்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியின் பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்று நீங்களே மன்றத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மதிப்பெண் சுமார்தான் என்றால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம்) பணம் கிடைக்காதா?
– வெருலம்

முதல் வருடத்துக்கு அவர்கள் பார்ப்பது குடும்ப வருமானம், மதிப்பெண் அல்ல. ஆண்டுக்கு 350,000 ராண்டுக்கு மேல் போகக் கூடாது, மாற்றுத்திறனாளி மாணவருக்கு 600,000. அரசுப் பல்கலை அல்லது டி.வி.இ.டி. (தொழிற்கல்வி) கல்லூரியில் இடம் இருக்க வேண்டும். சி.ஏ.ஓ.வில் போட்டால் இதற்கும் போட்டதாக ஆகாது, இது தனி விண்ணப்பம். சேர்ந்த பிறகு தேர்ச்சி குறைந்தால் மறு வருடம் பணம் நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த மகளோடு வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்திருக்கிறோம். ஏ.பி.எஸ். எப்படிப் போடுவது?
– லெனேஷியா

நீங்களாகப் போட வேண்டாம். முதலில் யூனிவர்சிட்டீஸ் சவுத் ஆஃப்ரிக்கா அமைப்பிடம் விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் இங்கே பட்டப்படிப்புக்குச் செல்லும் என்று சொல்வது அதுதான். பிளஸ் டூ மதிப்பெண்ணைத் தன் படிக்கு மாற்றும் வேலையை ஒவ்வொரு பல்கலையின் சேர்க்கை அலுவலகமும் பார்த்துக்கொள்ளும். சான்றிதழ் வரத் தாமதமாகும் என்பதால் விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள், பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலையும் கையோடு வையுங்கள்.

முடிவு வந்த அன்று ஒரு பாடத்தில் 2 மதிப்பெண் குறைந்து இடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் என்ன செய்ய வேண்டும்?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்றே சி.ஏ.ஓ. கணக்கில் நுழைந்து ஒவ்வொரு விருப்பத்தின் நிலையையும் பாருங்கள். முதல் விருப்பம் போயிருந்தாலும் மூன்றாவது திறந்திருக்கலாம். வந்த இடத்தை ஏற்றுக்கொள்ளக் கெடு இருக்கும், ஒரு சில நாட்கள்தான். சிறந்தது வரட்டும் என்று கையில் இருப்பதை ஏற்காமல் விட்டவர்கள் இரண்டையும் இழந்திருக்கிறார்கள்.

அடுத்து, பள்ளி வழியாக மறுமதிப்பீடு. இரண்டு வகை: கூட்டலையும் விடுபட்ட பக்கத்தையும் மட்டும் சரிபார்ப்பது ஒன்று, விடைத்தாளை மறுபடி திருத்துவது மற்றொன்று. கெடு குறுகியது. 68, 69 போன்று படியின் ஓரத்தில் நிற்கும் பாடத்துக்கு மறுதிருத்தம் கேட்பது பொருத்தம், அதிலும் கட்டுரை விடை உள்ள மொழிப் பாடத்துக்கு. 62-ஐ 70 ஆக்கும் எண்ணத்தில் பணம் கட்டுவது வீண். மறுதிருத்த முடிவு கல்லூரிப் பதிவு தொடங்கிய பிறகும் வரலாம் என்பதால், கேட்டிருக்கிறோம் என்பதை விண்ணப்ப எண்ணோடு அந்தத் துறையின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

அதோடு, உயர்கல்வித் துறை ஜனவரியில் திறக்கும் மத்தியச் சேர்க்கைத் தீர்வகத்தில் பெயரைப் பதியுங்கள். மீதமிருக்கும் இடங்கள் உள்ள கல்லூரிகள் அங்கிருந்துதான் ஆள் தேடும்.

எதுவும் ஒத்துவராவிட்டால் இரண்டு வழி. ஒன்று, அந்த ஒரு பாடத்தை மே-ஜூன் தேர்வில் மறுபடி எழுதுவது. 2016-இல் தொடங்கிய செகண்ட் சான்ஸ் திட்டத்தில் இதற்கு உதவி உண்டு. பதிவு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், யோசித்துக்கொண்டே நாளைக் கடத்த முடியாது. உயர்த்திய மதிப்பெண்ணை அந்தப் படிப்பு ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள், போட்டி மிகுந்த சில படிப்புகள் முதல் முயற்சியை மட்டுமே பார்க்கலாம். இன்னொன்று, அதே துறையில் ஓராண்டு ஹையர் சர்டிஃபிகேட்டில் சேர்ந்து, அதன் மதிப்பெண்ணை வைத்து டிப்ளமாவுக்கு ஏறுவது. சேரும் முன் அந்தக் கல்லூரியிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: அங்கிருந்து எந்த டிப்ளமாவுக்கு, எத்தனை சதவீதத்தில் ஏற முடியும் என்று.